ரோட்டருக்கு என்ன வயசு பாஸ்?

இந்த வாரம் பைக், ரோபோ எல்லாத்துக்கும் லீவு. நேரா உங்க காலேஜ் பயோடெக் லேபுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். செருப்பை வெளியில கழட்டிட்டு வாங்க, லேப் அசிஸ்டென்ட் அண்ணன் முறைப்பார்.

மூலையில வாஷிங் மெஷின் கணக்கா ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கா? அதான் சென்ட்ரிஃப்யூஜ். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கணுமா, பாக்டீரியாவை ட்யூப் அடியில் கட்டியா உட்கார வைக்கணுமா, டி.என்.ஏ.வைத் தனியா எடுக்கணுமா... எல்லாத்துக்கும் இவர்தான் ஹீரோ. ஆனா நிஜ ஹீரோ பெட்டிக்குள்ள இருக்கார். மூடியைத் திறந்தா நடுவுல கனமா ஒரு உலோக உருளை தெரியும். குழிப்பணியாரச் சட்டியை நல்லா உயரமா இழுத்து, குழிகளோட அடிப்பக்கம் எல்லாம் வெளியே பார்க்கிற மாதிரி சாய்ச்சு வெச்சா எப்படி இருக்கும்? அப்படி. அதுக்குப் பேர் ரோட்டர்.

பயோடெக் பசங்களைக் கேட்டா, 'அது மெக்கானிக்கல் மேட்டர்'ங்கறாங்க. நம்ம மெக்கானிக்கல் பசங்களைக் கேட்டா, 'அது பயாலஜி மேட்டர்'ங்கறாங்க. நடுவுல அந்த ரோட்டர் கேட்க நாதியில்லாம நிமிஷத்துக்கு 20,000 சுத்து சுத்திட்டு இருக்கு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற அடியேனுக்கு இது பெரிய அநியாயமாப் பட்டுச்சு. மெஷின் டிசைன் பேப்பர்ல நாம மனப்பாடம் பண்ணி வாந்தியெடுக்கற அத்தனை விஷயமும் அந்த ஒரு உருளைக்குள்ள இருக்கு. அதைவிட முக்கியம், அந்த உருளைக்கு ஆயுசு உண்டு. அது எப்போ முடியும்கிறது வெளியே பார்த்தா தெரியாது.

முதல்ல இந்த 'ஜி' கணக்கு. 'என்ன ஜி, சாப்டீங்களா?'ன்னு கேட்கற ஜி இல்லை. பூமி நம்மளை இழுக்கிற இழுப்பு 1 ஜி. ரோட்டர் சுத்தும்போது உள்ளே இருக்கற பொருள் அதைவிட எத்தனை மடங்கு வெளியே இழுபடுதுன்னு சொல்றதுதான் கணக்கு. ஆரத்தை சென்டிமீட்டர்ல எடுத்துக்கங்க. ஆர்.பி.எம்.மை ஆயிரத்தால வகுத்து ஸ்கொயர் பண்ணுங்க. ரெண்டையும் பெருக்கி, 11.18-ஆல இன்னொரு பெருக்கல். முடிஞ்சது. 10 சென்டிமீட்டர் ஆரம், 10,000 ஆர்.பி.எம்.னா 11,180 ஜி. வேகத்தை ரெட்டிப்பாக்கி 20,000 வெச்சா ரெண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு, 44,720 ஜி.

இப்ப 10 கிராம் எடையுள்ள ஒரு ட்யூபை உள்ளே வைங்க. 44,720 ஜி-யில அது ரோட்டர் குழியோட சுவரை அழுத்தற அழுத்தம் 447 கிலோ. நல்லா வளர்ந்த எருமை மாடு ஒண்ணு! எட்டு குழி ரோட்டர்னா எட்டு எருமை. சுண்டுவிரல் தடிமன் ட்யூப்ல நீங்க ஊத்தினது என்னவோ ரெண்டு ஸ்பூன் தண்ணிதான்.

இதோட ஒரு சைடு மேட்டர். சீனியர் நோட்டுல '12,000 ஆர்.பி.எம்., 10 நிமிஷம்'னு இருக்கும். நாமளும் அப்படியே வெச்சுடறோம். சீனியர் யூஸ் பண்ணின ரோட்டரோட ஆரம் வேற, உங்களோடது வேறன்னா ஜி-யும் வேற. அப்புறம் பெல்லட் உட்காரலேன்னு பாக்டீரியாவைத் திட்டறது எந்த ஊர் நியாயம்? நோட்டுல எழுதும்போது ஜி-யை எழுதுங்க, கூடவே ரோட்டர் பேரையும் எழுதுங்க. ஜூனியர்ஸ் வாழ்த்துவாங்க.

சரி, டிசைனுக்கு வருவோம். ரோட்டர்ல முக்கியமா மூணு ஃபேமிலி. நான் சொன்ன பணியாரச் சட்டி டைப்புக்கு ஃபிக்ஸட் ஆங்கிள்னு பேர். ட்யூப் சாய்ஞ்ச வாக்குல அசையாம இருக்கும். ரெண்டாவது ஸ்விங்கிங் பக்கெட். தீவுத்திடல் பொருட்காட்சியில சங்கிலியில சீட் தொங்கற ராட்டினம் பார்த்திருப்பீங்க. சுத்த ஆரம்பிச்சதும் சீட் எல்லாம் வெளியே விரியும் இல்லையா, அதே டெக்னிக். நிக்கும்போது பக்கெட் செங்குத்தா தொங்கும், சுத்தும்போது படுத்துக்கும். மூணாவது வெர்டிக்கல். ட்யூப் கடைசி வரைக்கும் நட்டுக்க நிக்கும், உள்ளே இருக்கற திரவம் மட்டும் புரண்டு படுத்து, நின்னதும் திரும்ப எழுந்துக்கும்.

ஏன் மூணு? துகள் பயணம் போற தூரம்தான் காரணம். ஸ்விங்கிங் பக்கெட்ல துகள் ட்யூபோட மொத்த நீளத்தையும் கடக்கணும். நேரமாகும், ஆனா அடுக்கடுக்கா அழகா பிரியும். ஃபிக்ஸட் ஆங்கிள்ல கொஞ்ச தூரம் போனாலே ட்யூப் சுவர்ல முட்டி, சறுக்குமரம் மாதிரி வழுக்கி அடிக்குப் போயிடும். வெர்டிக்கல்ல ட்யூபோட விட்டம்தான் மொத்தப் பயணமே. ஆனா பெல்லட் வேணும்னா வெர்டிக்கல் பக்கம் போகாதீங்க. படிஞ்சதெல்லாம் சுவர் பூரா பரவி, நின்னதும் சரிஞ்சு விழும்.

இதை ஒரே நம்பர்ல சொல்ல 'கே ஃபாக்டர்'னு ஒண்ணு வெச்சிருக்காங்க. சின்னதா இருந்தா வேலை சீக்கிரம் முடியும். ட்யூபோட உள்முனை 5 சென்டிமீட்டர், வெளிமுனை 10 சென்டிமீட்டர், வேகம் 40,000 ஆர்.பி.எம்.னா கே சுமார் 110. இதை துகளோட 'எஸ்' நம்பரால வகுத்தா எத்தனை மணி நேரம்னு வந்துடும். பாக்டீரியாவோட ரைபோசோம் 70 எஸ். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதே வேகத்துல உள்முனையை 8 சென்டிமீட்டருக்குத் தள்ளினா கே 35. அரை மணி நேரத்துல வேலை ஓவர்! வேகத்தை ஒரு துளி கூட ஏத்தலை, வடிவத்தை மட்டும்தான் மாத்தினோம். (இந்தக் கணக்கெல்லாம் 20 டிகிரி தண்ணிக்கு. சர்க்கரைப் பாகுல ஓட்டிட்டு எனக்கு லெட்டர் போடாதீங்க.)

அந்த 'எஸ்' யாருன்னு தெரியுமா? ஸ்வெட்பெர்க். ஸ்வீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டி புரொபசர். 1920-கள்ல அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜைக் கட்டி, ஹீமோகுளோபின் எவ்வளவு கனமான மூலக்கூறுன்னு கணக்குப் போட்டவர். 1926-ல கெமிஸ்ட்ரி நோபல் பரிசு. 50 எஸ்-ஸும் 30 எஸ்-ஸும் சேர்ந்தா ஏன் 80 வராம 70 எஸ் வருதுன்னு பரீட்சையில மண்டையைப் பிச்சுக்கிட்டவங்க இவரைத்தான் திட்டணும். அது எடைக் கணக்கு இல்லை பாஸ், கீழே இறங்கற வேகத்தோட கணக்கு. வடிவம் மாறினா வேகமும் மாறும். அதே உப்சாலாவுல இவருக்கு அரை நூற்றாண்டு முன்னாடி டாக்டரேட் வாங்கினவர் குஸ்தாஃப் டி லாவல். 1878-ல பாலிலிருந்து கிரீமைத் தொடர்ந்து பிரிக்கற மெஷினைக் கொண்டு வந்தவர். ஆவின் பூத்ல விதவிதமா பாக்கெட் பால் வாங்கறோமே, அதுல கொழுப்பை ஏத்தி இறக்கறதுக்கு அடிப்படை அந்த வித்தைதான்.

டி லாவல் ஸ்டீம் டர்பைனுக்காக இன்னொரு வேலையும் பண்ணினார். வேகமா சுத்தற சாமானைத் தடியான தண்டுல மாட்டாம, வளையக்கூடிய ஒல்லித் தண்டுல மாட்டினார். என்ன இது கோக்குமாக்கா இருக்கேன்னு தோணுதா? எந்தத் தண்டுக்கும் ஒரு கிரிட்டிக்கல் ஸ்பீடு உண்டு. அந்த வேகத்துல ஆட்டம் போடும். அதைத் தாண்டிட்டா, ஒல்லித் தண்டுல இருக்கற ரோட்டர் தானாவே தன்னோட எடை மையத்தைச் சுத்தி அடங்கிடும். உங்க லேப் மெஷின்கூட ஸ்டார்ட் ஆனதும் ஒரு இடத்துல லேசா உதறிட்டு அப்புறம் சாந்தமாகுதா? இந்தக் கட்டத்தைத்தான் தாண்டுது. ஸ்டார்ட் பட்டனை அழுத்திட்டு நேரா கேன்டீனுக்கு ஓடற பார்ட்டிகளே, செட் பண்ணின வேகத்தைத் தொடற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. பஜ்ஜி ஓடிடாது.

1930-கள்ல அமெரிக்காவுல ஜெஸ்ஸி பீம்ஸும் அவரோட ஸ்டூடன்ட் எட்வர்ட் பிக்கல்ஸும் ரோட்டரை வெற்றிடத்துக்குள்ள சுத்த விட்டாங்க. காத்துல உரசினா ரோட்டர் சூடாகும், சூடானா உள்ளே திரவம் கலங்கும், கலங்கினா பிரிஞ்சதெல்லாம் திரும்பக் கலந்துடும். அதான் வெற்றிடம். பிக்கல்ஸ் 1946-ல தனியா கம்பெனியே ஆரம்பிச்சார். அதுக்கப்புறம்தான் இந்த மெஷின் கடையில வாங்கற சாமானா ஆச்சு. மெசல்சனும் ஸ்டாலும் 1958-ல வெளியிட்ட டி.என்.ஏ. பரிசோதனை உங்க பிளஸ் டூ புக்லயே இருக்கும். ரோட்டர் 44,770 ஆர்.பி.எம்.ல 20 மணி நேரம் ஓடிச்சு. பெருக்கிப் பார்த்தேன். 5 கோடியே 37 லட்சம் சுத்து! புக்ல ட்யூபுக்குள்ள மூணு கோடு மட்டும் வரைஞ்சிருப்பாங்க. அத்தனை சுத்தையும் தாங்கின உலோகத்தைப் பத்தி மூச்சு விட மாட்டாங்க.

அந்த உலோகத்துக்கு என்ன கஷ்டம்? இதான் இந்த வாரத்தோட மெயின் மேட்டர். கொஞ்சம் கவனமா வாங்க.

ட்யூப் ஒவ்வொண்ணும் எருமை மாடுன்னு பார்த்தோம். ஆனா ரோட்டருக்கு ட்யூபைவிடப் பெரிய சுமை ரோட்டரேதான். அதோட சொந்த உலோகமும் அதே ஜி-யில வெளியே பிய்ச்சுக்கிட்டு ஓடப் பார்க்கும். ஒரு மெல்லிசான வளையம் சுத்துதுன்னு வெச்சுக்கங்க. அதுக்குள்ள எவ்வளவு இழுவிசைன்னு தெரிய, அடர்த்தியை விளிம்பு வேகத்தோட ஸ்கொயரால பெருக்கணும். அவ்வளவுதான் ஃபார்முலா. அதுல தடிமன்னு ஒரு எழுத்து இருக்கான்னு தேடிப் பாருங்க. இருக்காது! பாலம் வீக்கா இருந்தா தூணைப் பெருசாக்கலாம். வளையத்துல அந்த வேலை நடக்காது. உலோகத்தைக் கூட்டினா பலமும் கூடும், அதே அளவுக்குச் சுமையும் கூடும். எங்க வாத்தியார் இதை ரெண்டு வரியில போர்டுல போட்டுட்டு அடுத்த டாபிக் போயிட்டார். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை.

10 சென்டிமீட்டர் ஆரத்துல 20,000 ஆர்.பி.எம்.னா விளிம்பு வேகம் நொடிக்கு 209 மீட்டர். மணிக்கு 750 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஜெட் விமானம், ஆனா மேஜைக்கடியில பறக்குது. அலுமினிய வளையம்னா ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரையும் பன்னிரண்டு கிலோ சொச்சம் இழுக்கும். 40,000-க்கு ஏத்தினா 50 கிலோ. நல்ல ஸ்ட்ராங்கான அலுமினியக் கலவைக்கே அது கிட்டத்தட்ட எல்லை. அதனால அடர்த்தி கம்மியா, பலம் ஜாஸ்தியா இருக்கற சாமான் வேணும். டைட்டானியம் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல கனம், ஆனா பலம் அதையும் தாண்டிக் கூடுதல். அதான் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ்ல டைட்டானியம் ரோட்டர். கார்பன் ஃபைபர் இன்னும் லேசு. துருப் பிடிக்காது, தூக்கி வைக்கும்போது இடுப்பும் பிடிக்காது. விலையைக் கேட்டா மட்டும் எச்.ஓ.டி.க்கு நெஞ்சைப் பிடிக்கும்.

வளையத்துக்குப் பதிலா முழுத் தட்டா செஞ்சா? அது பெட்டர். நடுப்பகுதியும் சேர்ந்து தாங்கறதால அதே விளிம்பு வேகத்துல அழுத்தம் பாதிக்கும் கீழே போயிடும். ஆனா அந்தத் தட்டோட மையத்துல ஊசிமுனை அளவு ஓட்டை ஒண்ணு போட்டுப் பாருங்க. அந்த ஓட்டை விளிம்புல இழுவிசை சரியா ரெண்டு மடங்காகும். ஓட்டை எவ்வளவு சின்னதா இருந்தாலும்! அடுத்த தடவை வைவாவுல இதை எடுத்து விடுங்க, எக்ஸ்டர்னல் ஆடிப்போயிடுவார். ரோட்டர்னா தண்டு மாட்ட நடுவுல ஓட்டை, ட்யூப் வைக்கச் சுத்தி குழி. எங்கே குழி தோண்டறோம், குழிக்கும் விளிம்புக்கும் நடுவுல எவ்வளவு உலோகத்தை விடறோம், அடிப்பாகத்தை எவ்வளவு வளைவா முடிக்கறோம்கிறதுதான் ரோட்டர் டிசைனரோட ராத்திரித் தூக்கம்.

விளிம்பு வேகத்துக்கு உலோகம் லிமிட் போட்டுடுச்சு. அப்ப ஜி-யை எப்படி ஏத்தறது? ரோட்டரைச் சின்னதாக்கு! அதே விளிம்பு வேகத்துல ஆரம் பாதியானா ஜி ரெட்டிப்பு. அதனாலதான் மேஜை மேல வைக்கற குட்டி அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்து சுத்தி 10 லட்சம் ஜி தொடுது. மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு. இந்த ரூட்டோட அந்தப் பக்கக் கடைசியில ஒரு காகித ரோட்டரே இருக்கு. சோடா மூடியைத் தட்டையாக்கி, ரெண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து 'விர்ர்ர்'னு இழுத்து விளையாடியிருக்கீங்களா? ஐ.ஐ.டி. கான்பூர்ல படிச்ச மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்ட்ல தன்னோட டீமோட அதே விளையாட்டைக் காகிதத் தட்டுல செஞ்சு, 2017-ல 'பேப்பர்ஃப்யூஜ்'னு வெளியிட்டார். 2 கிராம் எடை, 20 சென்ட்டுக்குள்ள செலவு, 1,25,000 ஆர்.பி.எம்., 30,000 ஜி. ஒன்றரை நிமிஷத்துக்குள்ள ரத்தத்திலிருந்து பிளாஸ்மா ரெடி. உகாண்டாவுல ஒரு கிளினிக்ல கரன்ட் இல்லாததால சென்ட்ரிஃப்யூஜைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருந்ததைப் பார்த்ததுதான் அவருக்குப் பொறி.

காகிதம் கிழிஞ்சா பரவாயில்லை. உலோகம் கிழிஞ்சா?

1998 டிசம்பர் 16. அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி பயோகெமிஸ்ட்ரி லேப். அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ்ல பெரிய அலுமினிய ரோட்டர், உள்ளே இருந்தது சாதாரணப் பால் சாம்பிள். அதே வேலைக்கு அதே ரோட்டரைப் பல தடவை ஓட்டியிருக்காங்க. அன்னைக்கும் ஓட விட்டு ஒரு மணி நேரம். டமார்! ரோட்டர் வெடிச்சது. அரை இஞ்ச் தடிமன் இரும்புக் கதவு வளைஞ்சு, துண்டுகள் வெளியே பாய்ஞ்சது. பக்கத்துல இருந்த ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் காலி. சுவர்லயும் கூரையிலயும் ஓட்டை. மெஷினே பக்கவாட்டுல நகர்ந்துபோய் கெமிக்கல் அலமாரியில மோதிச்சு. அதிர்வலையில ரூம்ல இருந்த நாலு ஜன்னல் கண்ணாடியும் தூள். அந்த நேரம் ரூம்ல யாரும் இல்லை. அதனால யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இவ்வளவு ஆட்டம் எங்கேயிருந்து வருது? 5 கிலோ ரோட்டர், 10 சென்டிமீட்டர் ஆரம், 40,000 ஆர்.பி.எம். கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு டன் காரு 75 கிலோமீட்டர் வேகத்துல வந்தா எவ்வளவு சக்தியோ அவ்வளவு. அந்த காரு உங்க லேபுக்குள்ள, உங்க ரெக்கார்டு நோட்டுக்குப் பக்கத்துல ஓடுது.

பல தடவை ஒழுங்கா ஓடின ரோட்டர் ஒருநாள் ஏன் வெடிக்கும்? கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சு ஒடிச்சிருப்பீங்களே. முதல் வளைப்புல ஒடியாது. ஆனா ஒவ்வொரு வளைப்பும் உள்ளே கணக்குல ஏறும். ரோட்டரும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆகி வேகம் பிடிக்கும்போது விரியும், நிக்கும்போது சுருங்கும். அது ஒரு சைக்கிள். இதுல கவனிக்க வேண்டியது, எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலும் ஒரு சைக்கிள்தான், 'சும்மா ரெண்டு நிமிஷம் ஃபுல் ஸ்பீடுல ஸ்பின் பண்ணிக்கறேன் மச்சி'ன்னு சொன்னாலும் ஒரு சைக்கிள்தான். ரோட்டரோட வயசு மணிக்கணக்குல மட்டும் ஏறாது, தடவைக் கணக்குலயும் ஏறும். ஆனா ஒரு சலுகை உண்டு. வேகத்தை 10 சதவீதம் குறைச்சாலே இழுவிசை 19 சதவீதம் குறையும். வேலைக்குத் தேவையில்லாத டாப் ஸ்பீடு எதுக்கு? ரஜினி ஸ்டைல்லயே சொல்றேன், அலட்டாம ஓட்டினா ஆயுசு கெட்டி.

ரெண்டாவது வில்லன் உப்பு. அலுமினிய ரோட்டருக்கு மேல ஆனடைசிங்னு மெல்லிய பாதுகாப்பு லேயர் இருக்கும். இரும்பு பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சா அது கீறிப்போகும். கீறல்ல உப்புக் கரைசல் ஒரு சொட்டு உட்கார்ந்தா குழிக்குள்ள குட்டிக் குழி அரிக்கும். ஊசிமுனை ஓட்டைக்கே இழுவிசை ரெண்டு மடங்குன்னு பார்த்தோமே, இந்த அரிப்புக் குழியோட முனையிலேருந்துதான் விரிசல் கிளம்பும். லேப்ல கண்ணாடி சாமான் கழுவற காரமான சோப்புத் தண்ணியும் அலுமினியத்துக்கு ஆகாது. மைல்டான சோப்பு, நல்ல தண்ணி, மென்துணி, அப்புறம் தலைகீழா கவுத்துக் காய விடணும். ட்யூபை உள்ளேயே விட்டுட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறின மகராசர்களே, திங்கக்கிழமை அந்தக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்திருக்கீங்களா?

கனமான திரவம் ஊத்தினா ஸ்பீடைக் குறைக்கணும்கிறதும் ரூல். அல்ட்ரா ரோட்டர் பலதுக்கும் டாப் ஸ்பீடு, திரவத்தோட அடர்த்தி 1.2 வரைக்கும்தான் செல்லும். சீசியம் குளோரைடு கரைசல் 1.7 இருக்குன்னா 1.2-ஐ 1.7-ஆல வகுத்து ஸ்கொயர் ரூட் எடுங்க. 0.84. அதாவது 40,000 ரோட்டரை 33,600-க்கு மேல ஓட்டக் கூடாது. குளிர்ல அதிக வேகத்துல ஓட்டி சீசியம் குளோரைடு ட்யூப் அடியில படிகமாயிட்டா, அந்தப் படிகத்தோட அடர்த்தி 4. அப்புறம் எருமை மாடு யானை ஆகிடும். சில ரோட்டருக்கு அடியில கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டிசைன்னு நினைச்சு நகத்தால சுரண்டாதீங்க. மெஷின் அதை வெளிச்சத்தால படிச்சுத்தான் இந்த ரோட்டருக்கு இவ்வளவு வேகம்தான்னு கட்டுப்படுத்துது.

இப்ப வயித்தெரிச்சல் கதை. ஒரு காலேஜ், பேர் வேண்டாம். அங்கே மாஸ்டர்ஸ் பண்ற அக்கா ஒருத்தவங்க சென்ட்ரிஃப்யூஜ் காட்டறேன்னு கூட்டிட்டுப் போனாங்க. சூப்பர் மெஷின். ரோட்டர் நாலு. ரோட்டர் லாக் புக் எங்கேண்ணேன்னு அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"நோட்டு இருந்துச்சு தம்பி. எனக்கு முன்னாடி இருந்தவர் ரிட்டையர் ஆகும்போது பீரோல வெச்சார். பீரோ சாவியைத்தான் காணோம்."

"அப்ப இது எத்தனை தடவை ஓடியிருக்குன்னு...?"

"டெய்லி ஓடுது தம்பி. நல்லாத்தான் ஓடுது."

அவர் மேல தப்பில்லை. அவர்கிட்ட யாரும் அந்த நோட்டைக் கேட்டதே இல்லையாம். மெஷினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் ஆள் வர்றார், மோட்டாரைப் பார்க்கறார், கையெழுத்து வாங்கறார், போறார். ரோட்டர் அந்த கான்ட்ராக்ட்ல இருக்கான்னு அந்த அக்காவுக்கும் தெரியலை, எச்.ஓ.டி.க்கும் தெரியலை. ரோட்டர் தயாரிக்கறவங்க இத்தனை தடவை, இல்லேன்னா இத்தனை வருஷம், எது முன்னாடி வருதோ அதோட ஓய்வுன்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. எண்ணினாதானே தடவை தெரியும்? எண்ணாத ரோட்டர் எல்லாமே இளைஞர்தான். அந்த அக்கா அந்த வாரமே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, முதல் பக்கத்துல நாலு ரோட்டரோட சீரியல் நம்பரையும் எழுதி, மெஷின் மேல நூல் கட்டிப் பேனாவோட தொங்க விட்டுட்டாங்க. தேதி, வேகம், ஜி, நேரம், கையெழுத்து. பழைய கணக்கு போனது போனதுதான். அதனால அந்த நாலுல மூத்ததை ஒத்தை ஆளா எச்.ஓ.டி.கிட்ட சண்டை போட்டு ஓரங்கட்டியும் வெச்சிருக்காங்க. ஒரு ஜூனியர் அதுல பேனா ஸ்டாண்ட் வைக்கலாமான்னு கேட்டதா கேள்வி.

நீங்க ஓட்டும்போது எதிரெதிர் ட்யூப் ரெண்டையும் தராசுல எடை போடுங்க. கண்ணால மட்டம் பார்க்கறது வேலைக்காகாது. உப்புக் கரைசலுக்கு எதிர்ல அதே மட்டத்துக்குத் தண்ணி ஊத்தினா எடை ஒண்ணா இருக்காது. 44,720 ஜி-யில 1 கிராம் வித்தியாசம் 45 கிலோ. அந்த 45 கிலோ தண்டை நொடிக்கு 333 தடவை எல்லாத் திசையிலயும் இழுக்கும். ஸ்விங்கிங் பக்கெட்னா காலியா இருந்தாலும் எல்லா பக்கெட்டையும் மாட்டணும், ஒவ்வொண்ணும் கொக்கியில சரியா உட்கார்ந்து ஆடுதான்னு கையால தள்ளிப் பார்க்கணும். சத்தம் மாறினா ஸ்டாப் பட்டன். நிக்கற வரைக்கும் மூடியில கை வைக்கக் கூடாது.

ஹாஸ்டல்ல பந்தயம் கட்ட ஒரு புதிர். 12 குழி ரோட்டர், ஒரே எடையில 5 ட்யூப். டம்மி ட்யூப் வைக்காம பேலன்ஸ் பண்ண முடியுமா? ஒத்தைப்படை, முடியாதுன்னு பத்துக்கு எட்டு பேர் சொல்வாங்க. முடியும். 1, 5, 9-ல மூணு வைங்க, முக்கோணமா நின்னுக்கும். மிச்ச ரெண்டை 2, 8-ல எதிரெதிரா வைங்க. ட்ரீட் கன்ஃபர்ம். இதே 5 ட்யூபை 6 குழி ரோட்டர்ல முயற்சி பண்ணிப் பாருங்க, கடைசி வரைக்கும் மாட்டாது.

அப்படியே ரோட்டரை ஒரு தடவை மெதுவா தூக்கித் திருப்பிப் பாருங்க. பல ரோட்டர்ல சீரியல் நம்பர் பக்கத்துலயோ அதுக்குள்ளயோ தயாரிச்ச வருஷம் செதுக்கியிருக்கும். அது உங்க பர்த்டேவுக்கு முந்தின வருஷம்னா, லாக் புக் எந்த பீரோல இருக்குன்னு நாளைக்கே கேட்டுடுங்க.